காப்பு கட்டிய கை

இனியாவின் போனில் அன்று மாலையும் நடைக்கணக்கின் பச்சைக் கோடு ஏறியிருந்தது: காசி, பதினான்கு கிலோமீட்டர். காசி அவளுடைய அப்பா. அவரைப் புதைத்து ஐந்து நாள் ஆகிறது.

மெஷின் கோளாறுதான், வேறென்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். சாவு விழுந்ததிலிருந்து மத்தியானம் படுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் விழிப்பு வருகிறது. உடம்பு அடித்துப் போட்டாற்போல வலிக்கிறது. வேங்கிக்கால் வீட்டில் கரண்ட் வேறு இல்லை. சாம்பிராணிப் புகை அடங்கிய கூடத்தில், மழையே பெய்யாமல் எங்கிருந்தோ ஈரமண் வாசனை வந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு வந்தது பரம்பரை நரம்பு நோய். லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். முதலில் இடது கால் இழுக்கும், பிறகு ஆளே கட்டையாகக் கிடப்பார். பெரியப்பாவும் அப்படித்தான் போனார். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இனியாவின் ரத்தத்தையும் எடுத்தார்கள். முடிவு வந்த உறையை அவள் பிரிக்கவில்லை. பயம், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஊக்க மாத்திரை கொடுத்து, நடையை அளக்க மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டினார்கள்; அதன் கணக்கு இனியாவின் போனில் ஏறும். எழுந்துவிட்டால் நாற்பத்தெட்டு நாள், தினமும் பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு மலை சுற்றுவார் என்று அம்மா ஆராயி வேண்டிக்கொண்டு, பட்டையின் மேலேயே மஞ்சள் காப்புக் கட்டினாள். மாத்திரை வேலை செய்தது. மூன்று நாள் சுற்றினார். நான்காம் நாள் காலையில் எழவில்லை.

போன் அடித்தது. ஆராய்ச்சிக் குழுவின் புகழேந்தி.

"அந்தப் பட்டைய யாராவது கட்டியிருக்கீங்களாங்க? தினமும் டேட்டா வருது."

"இல்லைங்க சார். தானா ஏறுமா?"

"ஏறாதுங்க. அதுல சிம் கிடையாது. உங்க போனுக்குப் பத்தடிக்குள்ள வந்தாத்தான் ஏறும்."

போனை வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பா கைல இருந்த பட்டைய எங்க வச்ச?"

ஆராயி விளக்குத் திரியைத் தூண்டினாள். "காப்பு கட்டின கைடி. வேண்டுதல் முடியாம எப்படிக் கழட்டறது? அப்படியே பொதச்சிட்டோம்."

"அய்யோ, என்னம்மா பண்ணி வச்சிருக்க!"

"பாதில நின்னா என்ன? புள்ள முடிக்கணும்."

வாசற்கதவைத் தாழ்போட இனியா எழுந்து நடந்தாள். அப்போதுதான் அது கேட்டது: சிமெண்ட் தரையில் மணல் நெரிய ஒரு பாதம் ஊன்றி, இன்னொன்று பின்னாலேயே இழுபட்டு வரும் சத்தம், அப்பா கடைசியாக நடந்த அதே நடை.

நின்றாள். சத்தம் நின்றது.

நடந்தாள். சரக். தொம். சரக்.

வெளியே இல்லை. கூடத்துக்குள்.

குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கால் இழுத்துக்கொண்டிருந்தது. பாதம் முழுக்கக் கொப்புளம்.

இடது மணிக்கட்டு கனத்தது. விளக்கருகே நீட்டினாள்.

மண் அப்பிய பட்டை. அதன்மேல் மஞ்சள் காப்பு. நகங்களுக்குள் ஈரச் செம்மண்.