வாபஸுக்கு ஒரு காரணம்

ஜன்னலோர சீட்டில் ஒரு தார்ப்பாய் உட்கார்ந்திருந்தது.

புதுத் தார்ப்பாய். நீல நிறம். சுருட்டிக் கயிறு கட்டி, முக்கால் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து, டிக்கெட் வாங்கிய பயணி போல ஹாயாகச் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில், அதன் தோளில் கைபோட்டபடி ஓர் இளைஞன். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் அந்த பஸ்ஸில் வேறெங்கும் இடமில்லை. அமராவதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது எங்க எறங்குது?” என்றாள்.

அவன் நிமிர்ந்தான். கண்கள்... வெயிலைப் பார்த்துப் பார்த்து ஓரம் சுருங்கிப்போன கண்கள். வாய் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள்.

“மரக்காணம்ங்க.”

“டிக்கெட் எடுத்துட்டீங்களா இதுக்கு?”

“லக்கேஜ் போட்டிருக்கேன்.”

“அப்ப லக்கேஜ் கீழ இருக்கட்டும். டிக்கெட் மேல குந்தட்டும்.”

அவன் அவசரமாக எழுந்து தார்ப்பாயைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் அது சுழன்று, அவள் மார்போடு அணைத்திருந்த காகிதச் சுருளில் நங்கென்று இடித்தது. அமராவதியின் முகம் சிவந்தது. வேறு எதில் இடித்திருந்தாலும் மன்னித்திருப்பாள். அந்தச் சுருளில் இருந்தது அவள் வீட்டு வரைபடம். நாளைக் காலை அதை வைத்துத்தான் அவள் தலையெழுத்தே முடிவாக வேண்டும்.

ஸாரிங்க, ஸாரிங்க என்று அவன் நாலு முறை சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தார்ப்பாய் இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு வந்தது.

கதை இதுதான். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி அவளுக்கு ஒரு வீடு. கீழே அம்மா வசந்தாவின் டிபன் கடை. மேலே ஒரு ஹால், ஆறு தையல் மெஷின். ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பள வேலை நின்றுவிடும். தை பிறக்கிற வரை பெண்களுக்குக் கூலி கிடையாது. அந்த மாதங்களில் ஆறு பெண்கள் அவள் மாடியில் உட்கார்ந்து யூனிஃபார்ம் தைப்பார்கள். ஆறு வீட்டு அடுப்பும் அதில்தான் எரியும்.

அந்த மாடிக்குப் போகும் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே இருந்தது, அதை மறைத்து எழுப்பிய ஓர் உயரமான செவுரோடு. அதுதான் வம்பு. எல்லையிலிருந்து அஞ்சடி சும்மா விட வேண்டும் என்பது விதி. மேஸ்திரி உப்பளத்து வரப்பையே எல்லை என்று நினைத்து அளந்துவிட்டார். வரப்பு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போடுவது. அது எங்கே இருந்தால் அவருக்கென்ன... சர்வேயர் வந்து பார்த்தபோது அஞ்சடி இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டடிதான் இருந்தது. இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று அவள் மேல்முறையீடு செய்தாள். கிடைத்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், பக்கத்து உப்பளத்திலிருந்து ஒருவன் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கும் வரை.

கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் வானம் இருண்டது. பஸ் இருமியது, இன்னொரு முறை இருமியது, நின்றேவிட்டது. பின்னால் வர்ற வண்டில ஏறிக்குங்க என்று கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார். இறங்கிய நிமிஷத்தில் மழை!

சட்டென்று கொட்டிய மழை. கடல் பக்கமிருந்து சாய்வாக வந்து கன்னத்தில் அறைந்த மழை. ஆட்கள் டீக்கடைக்கு ஓடினார்கள். அமராவதி ஓடவில்லை. வரைபடத்தை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, நனைந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே உறைந்து நின்றாள். தலைக்கு மேல் ஏதோ நீலமாக விரிந்தது.

அவன்தான். கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். உள்ளே இரண்டு பேருக்கு மட்டும் போதுமான ஒரு நீல வெளிச்சம். மேலே மழை படபடவென்று கொட்டியது.

“லக்கேஜ் எடம் குடுக்குதுங்க. டிக்கெட்டு வரலாம்,” என்றான்.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். சிரித்துவிட்டாள்.

உப்புக் குவியலை மூடத்தான் தார்ப்பாய் வாங்கப் போனேன் என்று அவன் சொன்னான். சென்னைப் பக்கம் கம்பெனி வேலையில் இருந்தானாம். அப்பா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், ரெண்டு மாதமாக ஊரோடு இருக்கிறானாம். அவளும் சொன்னாள். மழை கொடுத்த தைரியமா, மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரமா, எதுவோ ஒன்று... நோட்டீஸ், மேஸ்திரி, செவுரு, தையல் மெஷின், நாளைய விசாரணை, எல்லாவற்றையும் அந்நியன் ஒருவனிடம் கொட்டினாள்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை.

“யாரு ஆட்சேபணை குடுத்தது?” என்று கேட்டான்.

“அசோகன்னு ஒருத்தன். பேரப் பாத்தாலே தெரியல? அறுபது வயசு இருக்கும். பெரிய மீசை. ஈவிரக்கம் இல்லாத மூஞ்சி.”

“பாத்திருக்கீங்களா?”

“நாளைக்குப் பாக்கறேன். பாத்து நாலு வார்த்தை கேக்கறேன்.”

அவன் தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தான். பிறகு, அவளுடைய பேரைத் தான் கேட்கவே இல்லையே என்றான். அமராவதி என்றாள்.

தார்ப்பாய் ஒரு பக்கம் தாழ்ந்தது. ஒரு வாளி தண்ணீர் அவன் தோளில் இறங்கியது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. அமராவதி என்றால் ஏதோ வயசான அம்மா என்று நினைத்ததாக மட்டும் முணுமுணுத்தான். யார் நினைத்தது, எங்கே நினைத்தது என்று அவளுக்குப் புரியவில்லை. பேரைக் கேட்டுக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். படிக்கு வெளிப்புறம் மொட்டைமாடி வரைக்கும் எதற்குச் செவுரு எழுப்பினீர்கள் என்று. அந்தப் பக்கம்தான் உப்பு லாரி நிற்கும், பெண்கள் படியேறும்போது கீழே நிற்கிற ஆளெல்லாம் அண்ணாந்து பார்க்கிறான், அதனால்தான் என்றாள். அவன் தலையாட்டினான்.

அடுத்த பஸ் வந்தது. உங்க பேர் என்ன என்று அவள் கேட்டபோது, ஏறுங்க, இடம் போயிரும் என்றான். பஸ்ஸில் அவன் பக்கத்தில் வரவில்லை, கடைசியில் போய் நின்றுகொண்டான். அவள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு தரமும் அந்தக் கண்கள் அவள் மேல்தான் இருந்தன, ஆனால் சிரிக்கவில்லை.

மறுநாள் மேல்முறையீட்டை விசாரிக்கும் குழு ஒரு சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தது. நடுவில் தலைவரம்மா, இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் மினிட்ஸ் எழுதும் கிளார்க். அமராவதிக்குத் துணையாகப் பாப்பாத்தி வந்திருந்தாள். வெயில் காலத்தில் உப்பு வாருகிறவள், மழைக் காலத்தில் காலர் தைக்கிறவள். அமராவதிக்கு முன்னால் மூன்று பேரின் மனுவைக் குழு தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு தள்ளுபடிக்கும் பாப்பாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மனுதாரர் அமராவதி. ஆட்சேபணைதாரர் ப. அசோகன்.”

அமராவதி எழுந்தாள். எதிர் வரிசையில், காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தாள். மீசை இருந்தது. இவன்தான் என்று பல்லைக் கடித்தாள். எழுந்தது அவர் இல்லை. அவர் பக்கத்தில் இருந்தவன்.

அவன்!

அவளுக்குக் காதுக்குள் இரைந்தது. நேற்று... அத்தனையும் கேட்டுக்கொண்டானே. மேஸ்திரி தப்பாக அளந்ததை, செவுரு எழுப்பியதை, எல்லாவற்றையும் தார்ப்பாய்க்குள் நிற்க வைத்து வாங்கிக்கொண்டானே. பேரைக்கூட மறைத்தானே. அந்தச் சிரிப்பை நம்பினேனே... கண் கலங்கியது. அழுதால் அவன் பார்த்துவிடுவான் என்று தலைவரம்மாவின் மேஜையையே வெறித்தாள்.

“ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கறேங்க,” என்றான் அசோகன்.

மாவுக்கட்டுப் பெரியவர், அவன் அப்பா பஞ்சநாதன், அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏம்பா, புத்தி கெட்டுப்போச்சா என்றார். அவன் உட்காரவில்லை.

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஆட்சேபணையில் எழுதியிருந்ததைப் படித்தார். செவுரு கடல்காற்றை மறிக்கிறது, ஓரத்துப் பாத்திகளில் உப்பு பூக்கத் தாமதமாகிறது. இதெல்லாம் பொய்யா என்று கேட்டார். பொய் இல்லை என்றான். யாராவது மிரட்டினார்களா என்றார். இல்லை என்றான்.

“பின்ன எதுக்கு வாபஸ்? காரணம் சொல்லணும். மினிட்ஸ்ல ஏறணும்.”

அவன் அப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கூடம் காத்திருந்தது. பின் வரிசையில் யாரோ, எவ்ளோ கைமாறுச்சோ என்றான். யாரோ சிரித்தான். அத்தனை தலையும் அமராவதி பக்கம் திரும்பியது. ஒரு காசு யாருக்கும் கொடுத்தவள் இல்லை. ஆனால் அந்தப் பார்வைகளுக்கு முன்னால் அதை எப்படி நிரூபிப்பாள்? அவள் முகம் வெளுத்துப்போனது.

அசோகன் அந்த முகத்தைப் பார்த்தான். பின் வரிசையைப் பார்த்தான்.

“காரணம் சொல்றேங்க. அவங்க எனக்கு எதுவும் குடுக்கல. நான் யாருன்னே நேத்து அவங்களுக்குத் தெரியாது. பஸ்ஸுல பாத்தேன்... புடிச்சிருக்குங்க. படிய இடிச்சிட்டா அவங்க என்னா பண்ணுவாங்கன்னு ராத்திரி பூரா அதே நெனப்பு. வேற காரணம் சொன்னா பொய்யாயிரும்.”

கிளார்க்கின் பேனா நின்றது. இத எப்படிம்மா எழுதறது என்று அவர் கேட்டார். சொந்தக் காரணம்னு போடுங்க என்றார் தலைவரம்மா. அவர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்து, உடனே மறைந்தது. அப்பாவோ, தலையில் கைவைத்துக்கொண்டார்.

அமராவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது போல இருந்தது. கோபமா? ஆமாம், கோபம்தான். ஊர் பார்க்க, அம்மாவின் கடைக்கு வருகிறவர்கள் பார்க்க, இப்படியா... ஆனால் கோபத்துக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளாது. அது வேறு என்னவென்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. குழு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்சேபணை போய்விட்டது. சும்மா நின்றால் போதும், படிக்கட்டு பிழைத்துவிடும்.

அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

“அவரு வாபஸ் வாங்க வேணாங்க,” என்றாள். “என் மேல எரக்கப்பட்டு எனக்கு எதுவும் வேணாம். காத்து நின்னுபோச்சுன்னா உப்பு பூக்காது, எங்க பொம்பளைங்களுக்குத்தான் அங்க வேலை கொறையும். அது நியாயமான ஆட்சேபணை. செவுர நானே எடுத்துடறேன். படிக்கட்டு மட்டும் இருக்கட்டும். ஆனா உப்பு லாரி எங்க வீட்டுப் பக்கம் நிக்கக்கூடாது.”

பாப்பாத்தி நாற்காலியிலிருந்து, அது சரி, அது சரி என்றாள். உறுப்பினர்கள் வரைபடத்தின் மேல் குனிந்தார்கள். பேசினார்கள், பென்சிலால் கோடு போட்டார்கள், மறுபடி பேசினார்கள். அமராவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தலைவரம்மா, லாரிக்கு என்ன சொல்கிறீர்கள் என்று பஞ்சநாதனைக் கேட்டார்.

பெரியவர் மகனைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். வடக்கால நிறுத்திக்கலாம், என்னா கெட்டுப்போச்சு இப்ப என்று உறுமினார். செவுரை எடுக்கும் நிபந்தனையோடு படிக்கட்டுக்கு விதித்தளர்வு என்று தலைவரம்மா சொல்ல, கிளார்க் எழுதினார். பாப்பாத்தி ஓவென்று அழுதாள்.

வெளியே மறுபடி மேகம் கூடியிருந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. அசோகன் வேலி ஓரமாகத் தனியாக நின்றிருந்தான். அவள் நேராக அவனிடம் போனாள்.

“கோவமா?” என்றான்.

“பின்ன?”

“நேத்தே பேரச் சொல்லியிருக்கணும். சொன்னா மழையில எறங்கிப் போயிருவீங்கன்னு பயம்...” அவன் வேலியைப் பிடித்துக்கொண்டான். “உள்ள கேட்டாங்க, அதான் சொன்னேன். நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேணாங்க.”

சொல்லிவிட்டு, ஆட்டோவில் காத்திருந்த அப்பாவை நோக்கித் திரும்பினான். போகிறான்... ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போகிறான். அமராவதி ஓரடி முன்னால் வைத்தாள்.

“அந்தம்மா உங்ககிட்ட மட்டும்தான் காரணம் கேட்டாங்க,” என்றாள்.

அவன் நின்றான்.

“நான் எதுக்குச் செவுர எடுக்கறேன்னு என்கிட்ட யாரும் கேக்கலயே.”

“காத்துக்குத்தானே?”

“காத்துக்குச் செவுத்துல நாலு எடத்துல ஓட்டை போட்ட ஜாலிக்கல்லு வெச்சாலே போதும்னு இன்ஜினியர் சொன்னாரு.” அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், பிறகு கண்ணை நிமிர்த்தி அந்தக் கண்களையே பார்த்தாள். “அந்தச் செவுரு இருந்தா, படியேறும்போது உங்க உப்பளம் தெரியாது. அங்க நிக்கற ஆளும் தெரியாது... எனக்கு நீங்க தெரியணும், அசோகன்.”