ஜப்பானுக்கு விளையாடியவர்

"அப்பா, இந்தியாவுக்கு நீங்க விளையாடுன மேட்ச் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அம்மாவின் கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சோறு ஏன் குழைந்தது என்று கேட்கலாம். கரண்ட் பில் ஏன் கட்டவில்லை என்றுகூடக் கேட்கலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோதே அம்மா சொல்லி வைத்திருந்தார். "அப்பாட்ட இந்தியா டீமைப் பத்தி வாயைத் தொறக்கப்படாது, கேட்டியா ஜெர்லின்?"

இப்போது நான் ஆறாம் வகுப்பு. திறந்துவிட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டிலேயே கை கழுவினார். எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு, பாதிச் சோறு அப்படியே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா என் முதுகில் ஓர் அடி வைத்தார். இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஓடு உரிக்கிற கை அது. பஞ்சு மாதிரி இருக்காது.

"படிச்சுப் படிச்சு சொன்னேன்லா?"

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் மேடையில ஏறப் போறது அவிய. சார்ட் எழுதப் போறது நான். எனக்குத் தெரியாண்டாமா?"

அம்மா அப்பாவின் தட்டை அப்புறப்படுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எங்கள் அப்பா பெயர் ரோச். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். எங்கள் தெருமுனையில் ஒரு வாலிபால் கிரவுண்டு இருக்கிறது. அதன் சுவரில் என் உயரத்துக்கு எழுத்துகள். "இந்திய அணி வீரர் ரோச் பிறந்த மண் உங்களை வரவேற்கிறது." ஒவ்வொரு வருடமும் மாதா திருவிழாவுக்கு முன்னால் அந்த எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். பெயிண்ட் அடிக்கிற நாட்களில் அப்பா அந்தப் பக்கமே வர மாட்டார். மூன்று தெரு சுற்றிக்கொண்டு வருவார். பெயிண்ட் வாசனை பிடிக்காது போல என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு தின விழா. ஆளுக்கு ஒரு சார்ட். "இந்திய ஆண்கள் வாலிபால் அணி: வரலாறும் சாதனையும்" என்பதை என் தலையில் கட்டியவர் பொன்செல்வி டீச்சர். அவர்தான் பி.டி. டீச்சர். எங்கள் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததே இல்லை. அதனால் பொன்செல்வி டீச்சர் பாதி நேரம் சும்மா இருப்பார். மீதி நேரம் கோபமாக இருப்பார்.

"ஒங்கப்பாதான் சிறப்பு விருந்தினர்" என்றார் டீச்சர். "அவங்க எந்த வருஷம், எந்த நாட்டோட விளையாடுனாங்க, ஸ்கோர் என்ன, எல்லாம் கேட்டுக் கடைசி வரியில போடு."

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். 1958, டோக்கியோ ஆசிய விளையாட்டு, வெண்கலம். 1962, ஜகார்த்தா, வெள்ளி. 1986, சியோல், வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் பதக்கமே இல்லை. 2023இல் ஹாங்சோவில் தென்கொரியாவை ஐந்து செட் ஆடி வீழ்த்தினார்கள். அப்படியும் ஆறாவது இடம்தான்.

பதக்கத்தை மட்டும் எழுதினால் சார்ட்டில் மூன்றே வரிதான் வரும். அதனால் தோற்ற ஆட்டங்களையும் எழுதினேன். இடம் போதவில்லை. இன்னொரு சார்ட் வாங்கிக் கீழே ஒட்டினேன்.

அப்பா பெயரைத் தேடினேன். ஆட்டக்காரர் பட்டியல் எத்தனை கிடைத்ததோ அத்தனையிலும் தேடினேன். இல்லை.

தேடியது நான் மட்டும் இல்லை.

"ஏளா, எங்கண்ணன் போன்ல எல்லா லிஸ்டும் பாத்துட்டேன்" என்றான் பின் பெஞ்சு அனிஷ். "ஒங்கப்பா பேரே இல்ல."

"விட்டிருப்பாங்க."

"எல்லா வருஷமுமா விட்டிருப்பாங்க? டூப்பு வீரர்ளா ஒங்கப்பா!"

பெஞ்சே சிரித்தது. அனிஷுக்கு அது போதவில்லை.

"வெள்ளிக்கிழமை மேடையில ஏறட்டும். எந்த மேட்ச்சுன்னு நானே கையைத் தூக்கிக் கேக்கேன். மைக்ல பதில் சொல்லட்டும்."

அவன் சோற்று டப்பாவை ஜன்னல் வழியாக வீசினேன். காலி டப்பாதான். நிறைந்த டப்பாவை வீசுகிற அளவுக்கு நான் மோசம் இல்லை.

ஆனால் அன்றைக்கு முழுக்க அந்த மேடையே கண் முன்னால் நின்றது. ஐந்நூறு பிள்ளைகள். ஒரு மைக். நடுவில் அப்பா. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டின் முன்னால் அதைக் கேட்டேன்.

திங்கள் சாயங்காலம் நேராகத் துறைமுகத்துக்குப் போனேன்.

படகுகள் வரிசையாக நின்றன. அப்பா ஐஸ் பாளத்தை மரச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். இடது கையால்தான். அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழாது. சட்டை போடும்போது அம்மா அந்தக் கையைப் பிடித்து நுழைத்துவிடுவார். ஐஸ் தூக்கித் தூக்கித்தான் அப்படி ஆனது என்று நான் நினைத்திருந்தேன்.

குளிருக்காக அவர் ஒரு பழைய நீலச் சட்டை போட்டிருந்தார். எப்போதும் போல உள்பக்கம் வெளியே தெரிய.

"இங்கன எதுக்கு வந்த? வழுக்கும், தள்ளி நில்லு."

"வெள்ளிக்கிழமை அனிஷ் கையைத் தூக்கிக் கேக்கப் போறான், அப்பா."

"என்னத்தைக் கேப்பான்?"

"நேத்து நான் கேட்டதைத்தான்."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். ஒரு ஐஸ் துண்டைக் காலால் ஓரம் தள்ளினார். அது பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தது.

"நான் இந்தியாவுக்கு விளையாடலம்மா" என்றார். "ஜப்பானுக்கு விளையாடுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

"இருவது வருஷம் ஆச்சு. இந்தியா டீம் முகாமுக்குக் கூப்பிட்டாங்க. நாங்க இருவத்திநாலு பேர். அதுல பன்னண்டு பேர்தான் வெளிநாடு போக முடியும். பேர் வாசிக்கிற வரைக்கும் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் நிக்கணும். எதிரி மாதிரி அடிக்கணும். அப்பதான இவங்க தடுத்துப் பழக முடியும்? கோச் ஒரு ஜப்பான்காரன் அடிக்கிற வீடியோவைக் காட்டுனாரு. 'ரோச், நீ இனிமே இவன்'னாரு. காலையில நூறு அடி, சாயங்காலம் நூறு அடி. நாப்பது நாளு."

"நல்லா அடிச்சியளா?"

"அந்த ஜப்பான்காரனே அப்படி அடிச்சிருக்க மாட்டான்."

அப்பாவின் உதடு கொஞ்சம் விரிந்தது. அதை நான் பார்த்து நாளாகியிருந்தது.

"அப்ப இந்தியாவைத் தோக்கடிச்சிருக்கியளா?"

"சில செட்டு எடுத்தேன். பதினொண்ணு இருக்கும்."

"பிறகு?"

"முப்பதாவது நாளு தோளுல ஏதோ பிஞ்ச மாதிரி இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல. சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு அடிச்சேன். கடைசி நாளு பேர் வாசிச்சாங்க. பன்னண்டு பேரு. நான் இல்ல."

ஐஸ் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"முகாமுல ஒரு நீலச் சட்டை தந்தாங்க. முதுகுல இந்தியான்னு எழுதியிருக்கும். குளிருக்கு அதைப் போட்டுக்கிட்டுதான் ரயில்ல வந்தேன். எறங்குனா, வெளிநாடு போயி விளையாடிட்டு வாரேன்னு நினைச்சு ஸ்டேஷன்ல ஊரே நிக்கி. மாலை, வெடி. சட்டையில எழுத்தைப் பாத்ததும் ஒரே ஆட்டம். என்கூட ஆடுன பாஸ்கல் என்னைத் தூக்கித் தோளுல வச்சுக்கிட்டான். என் வலது கையைப் புடிச்சு மேல தூக்கிக் காட்டுனான். உயிர் போயிட்டு. அழுதேன். சந்தோசத்துல அழுதேன்னு நினைச்சு எல்லாரும் சேந்து அழுதாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"வெடிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

வெடி அன்றைக்கே நின்றிருக்கும். அதற்குப் பிறகு இருபது வருடம் இருந்தது. அதை அவரே தனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

அவர் சட்டையின் முதுகைப் பார்த்தேன். உள்பக்கத் தையல்தான் தெரிந்தது. எழுத்துகள் அவர் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"அப்பா, கடைசி வரியில இதை எழுதட்டா?"

"தோத்தவன் கதையையா?"

"சார்ட்ல பாதி தோத்த கதைதான். கூட ஒண்ணு எழுத இடம் இருக்கு."

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போ. அம்மா தேடுவா."

வியாழக்கிழமை சாயங்காலம் எழுதினேன். முதலில் பென்சிலில், பிறகு கறுப்புப் பேனாவில்.

"முகாமில் இருபத்து நான்கு பேர். பயணம் போனவர்கள் பன்னிரண்டு பேர். மீதிப் பன்னிரண்டு பேர் எதிரணியாக நின்று அடித்தார்கள். அவர்களில் ஒருவர் தூத்துக்குடி ரோச். ஜப்பானாக விளையாடினார். இந்திய அணியிடம் வென்ற செட்: 11. இழந்தது: வலது தோள்."

வெள்ளிக்கிழமை காலையில் பாஸ்கல் மாமா பைக்கில் வந்தார். அவர்தான் வாலிபால் கழகச் செயலாளர். அந்தக் காலத்தில் அப்பா அடிப்பதற்குப் பந்தை ஏற்றிக் கொடுத்தவர். கையில் ஒரு பொன்னாடை வைத்திருந்தார். அப்பாவுக்குப் போடுவதற்காக அவரே வாங்கியது.

தரையில் சார்ட்டை விரித்து வைத்திருந்தேன். மாமா சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

"என்னளா இது? யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா."

"ரோச்சு! ஒன் மவ ஒன்னைச் சந்தியில நிறுத்தப் போறா. நீ சும்மா இருக்க?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருடைய வலது கையைப் புதுச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார்.

மாமா என்னிடம் திரும்பினார். "இந்தியா வீரர் ஊருன்னு சொல்லித்தான் அந்தக் கிரவுண்டையே காப்பாத்தி வச்சிருக்கோம். இல்லாட்டா எப்பவோ அங்கன குடோன் கட்டியிருப்பாவ. பிள்ளையல்லாம் எங்க போயி விளையாடும்? நீ எங்க போயி விளையாடுவ?"

அது எனக்கு உறைத்தது. நானும் அந்த மண்ணில்தான் சர்வீஸ் போடக் கற்றுக்கொண்டேன்.

"சரி மாமா. அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க. அனிஷ் கையைத் தூக்குவான். எந்த மேட்ச்? எந்த ஊர்ல? ஸ்கோர் என்ன? மைக்ல அப்பா என்ன சொல்லணும்?"

மாமா பொன்னாடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"அந்தப் பயலை நான் பேசிக்கிடுதேன்."

"அவன் கேக்கலன்னா இன்னொருத்தன் கேப்பான். எல்லார் வீட்டுலயும் போன் இருக்கு மாமா."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்னாடையை மடியில் வைத்து அதன் ஜரிகையைப் பிய்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனைச்ச ரோச்சு?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "மறுநாளே பந்தை ஏத்திக் குடுத்தேன். ஒன் கை எழும்பல. அப்பவே தெரியும்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுமா சுவத்துல எழுதுன?"

"ஊரே அழுதுச்சேலே! நான் ஒருத்தன் போயி என்னத்தைச் சொல்ல?"

தெருவில் மீன்காரரின் மணி மட்டும் கேட்டது.

"கடைசி வரி மேல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிரு ஜெர்லின்" என்றார் மாமா. இப்போது கெஞ்சினார். "அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அடுத்த வருஷம் நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

நான் சார்ட்டைச் சுருட்டினேன். ரப்பர் பேண்டு போட்டேன். பையை மாட்டிக்கொண்டேன். அம்மா அடிப்பார் என்று முதுகை விறைத்துக்கொண்டேன்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணியாச்சு. பெல் அடிச்சிரும்" என்றார்.

வாசல் தாண்டித் தெருவில் இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஏளா ஜெர்லின்!"

அப்பா. கட்டிலை விட்டு எழுந்து வாசலுக்கு வந்திருந்தார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் சார்ட்டைக் கொடுத்துவிடுவேன்.

"பதினொண்ணு இல்ல!" என்று தெருவே கேட்கக் கத்தினார் அப்பா. "பன்னண்டு! கடைசி நாளு ஒரு செட்டு எடுத்தேன். பிஞ்ச தோளோட!"

"சரிப்பா, திருத்திக்கிடுதேன்!" என்று நடந்துகொண்டே கத்தினேன்.

கறுப்புப் பேனா பையில் இருந்தது. வேகமாக நடந்தேன். அனிஷ் கையைத் தூக்குவதற்கு முன்னால் திருத்திவிட வேண்டும்.