சர்வேயர் வரும்வரை

பெரோத்தேயிலிருந்து ஹலாபாவுக்கு இறங்கும் மலைச்சாலையில், ஒரு வளைவில் டாக்சி மோதிவிட்டதாக அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. பிற்பகல் மூன்று மணி. நான் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி சாலையை முழுதாக விழுங்கியிருந்தது. பைன் மர வாசனையோடு பெட்ரோல் நெடியும் லேசாக வந்தது.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். எங்கள் மெக்சிகோவில் வண்டி மோதினால் முதல் அழைப்பு எங்களுக்குத்தான். நாங்கள் வந்து பார்க்கும்வரை ஓட்டுநர் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்துவிட்டால் கம்பெனி பணம் தராது.

சாலையோரத் தடுப்பருகே ஒரு மனிதர் நின்றிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பெயர் நாபோர் என்றார். பாலிசி எண்ணைத் தடுமாறாமல் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"நகரக்கூடாதுன்னு போன்ல சொன்னாங்க, இன்ஜினியர். நான் நகரவே இல்ல."

பேனாவும் தாளுமாக வருகிற எவனும் எங்கள் ஊரில் இன்ஜினியர்தான். வண்டி எங்கே என்று கேட்டேன். பள்ளத்தைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். பெரணிச் செடிகளும் பனியும்தான் தெரிந்தன.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

அவர் நின்ற இடத்தில் தார் காய்ந்திருந்தது. சுற்றிலும் சாலை முழுக்க ஈரம்.

அலுவலகம் வந்து அந்த எண்ணைத் தட்டினேன். பதினான்கு மாதங்களுக்கு முன்பே மூடிய கோப்பு. கிளைம் நிராகரிக்கப்பட்டது. காரணம், ஓட்டுநர் இடத்தைவிட்டுப் போய்விட்டார். பரிசோதித்த சர்வேயர்: ஃபிதென்சியோ.

ஃபிதென்சியோ நான்தான்.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. பனி விலகட்டும் என்று பெரோத்தேயில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சூடாக ஆட்டுக்கறி சூப் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் தாமதம். போனபோது டாக்சி சரிவில் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது, உள்ளே யாருமில்லை. ஒரே ஒரு முறை குரல் கொடுத்தேன். பதில் இல்லை. எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

நாபோரின் மனைவி யூலாலியா அலுவலகத்துக்கு ஆறு முறை வந்தாள். வேறொருத்தியோடு போயிருப்பான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். "விட்டுட்டுப் போற ஆளில்லங்க அவரு" என்பதைத் தவிர அவள் எதுவும் சொன்னதில்லை. ஆறு முறையும் நான் தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலை கயிற்றோடு மீட்புப் படையினரை அழைத்துப் போனேன். டாக்சி நின்ற இடத்துக்கு இருபது அடி கீழே, பெரணிகளுக்கு அடியில் நாபோரின் எலும்புகள் கிடந்தன. விரல்களுக்கிடையே கைப்பேசி. வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்தக் காயத்தோடு சில மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்றார் மருத்துவர்.

நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கும். பதில் சொல்லக் குரல்தான் வந்திருக்காது.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். சூப் குடித்த கதையையும் சேர்த்து எழுதினேன். யூலாலியாவுக்குப் பணம் கிடைத்தது, எனக்கு வேலை போனது. அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து யூலாலியா என் வீட்டு வாசலில் நின்றாள். அவள் கண்களில் தூக்கமே இல்லை. அடக்கம் எல்லாம் முறையாக நடந்தது என்றாள். அதன்பிறகு பூ வைக்க அந்த வளைவுக்குப் போயிருக்கிறாள்.

"அங்கதான் நிக்கிறாரு. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். சர்வேயர் இன்னும் போகச் சொல்லலையேங்கறாரு."

உள்ளே வரச் சொன்னேன். அவள் வாசலைவிட்டு அசையவில்லை.

"நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. நீங்க வந்து சொல்லுங்க."

அவளை வீட்டில் இறக்கிவிட்டு நான் மட்டும் போனேன். அன்றும் பனி. வளைவில் காரை நிறுத்தி இறங்கினேன். பறவைச் சத்தம்கூட இல்லை. தடுப்புக் கம்பியில் அவள் கட்டிய சாமந்திப்பூ வாடித் தொங்கியது. யாரும் தென்படவில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பனியைப் பார்த்துச் சொன்னேன்.

"நாபோர், நான் பாத்துட்டேன். தப்பு என்னுது. எல்லாம் முடிஞ்சுது. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

பதில் இல்லை.

தொப்பியைப் போட்டுக்கொண்டேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வண்டியைக் கிளப்பினேன்.

மணி அடிக்க ஆரம்பித்தது.

ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி, எரிகிற விளக்கு.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதன் மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது. நனைந்த பெரணி வாசனை காரை நிறைத்தது.

மணி நிற்கவில்லை. நான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபது வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வாயில் வந்தது.

"பெல்ட் போட்டுக்குங்க."

க்ளிக் என்றது.

மணி நின்றது.