மருந்துக் குடோன் செங்கல்

வாயில் ஏதோ நறநறத்தது. லாட்ஜின் பின்கட்டில் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த அருள்மேரி உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். பட்டாணி அளவில் ஒரு செங்கல் துண்டு, பாதி கரைந்து, எச்சிலோடு சிவந்து கிடந்தது. அதை எப்போது எடுத்தாள், எப்போது வாயில் போட்டாள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ஆறு மாதக்காரி மண்ணும் சாம்பலும் தின்பது ஊரில் அதிசயமில்லை. ஆனால் இந்த லாட்ஜில் உடைசெங்கல் இருந்தது ஒரே இடத்தில்தான், மொட்டைமாடிப் புல்லுக்கு அடியில். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தவள் அவள்.

புல்வெளி முதலாளி குழந்தைவேலின் பெருமை. தேனிலவுக்கு வரும் ஜோடிகள் ஏரி தெரிய நின்று போட்டோ எடுத்துக்கொள்ள, கொடைக்கானலில் வேறெந்த லாட்ஜிலும் இல்லாத மாடிப் புல்வெளி! தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் செங்கல் ஜல்லி பரப்ப வேண்டும் என்றார் கொத்தனார். புதுச் செங்கல் வாங்குகிற ஆளா முதலாளி? பள்ளங்கி ரோட்டில் இடித்துப் போட்டிருந்த மருந்துக் குடோனை லாரி லாரியாக அள்ளி வரச் சொன்னார். உருளைக்கிழங்குக்கு அடிக்கிற பூச்சிமருந்து வருஷக்கணக்கில் டிரம்மிலிருந்து ஒழுகி ஒழுகி ஊறிய சுவர் அது. லாரி ஓட்டியவன் அருள்மேரியின் புருஷன் அடைக்கலராஜ். கை எரிகிறது, கை எரிகிறது என்று அந்த வாரம் முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தான்.

முதல் மழைக்கே மாடிக் குழாயிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வடிந்தது. அது விழுந்த தொட்டியில் தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. காக்கைகூட அந்தப் புல்லில் இறங்கவில்லை. புல் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது.

போன வருஷம் அருள்மேரிக்கு ஒன்று கலைந்துபோனது. இதுவாவது தங்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

மத்தியானம் சோறு வைக்கும்போது புருஷனிடம் சொன்னாள். "ஏங்க, மேல கெடக்குற செங்கல்ல அள்ளிப் போடச் சொல்லுங்க. எனக்குப் பயமாருக்கு."

"நாஞ் சொன்னா கேக்குற ஆளா அவரு? ஓஞ் சோலியப் பாரு புள்ள."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் முதலாளி முன்னால் போய் நின்றாள். அவர் பிளம்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி, அந்தக் கல்லுல வெசம் ஊறிக் கெடக்குங்க. தொட்டியில ஒரு பூச்சி பொட்டு உசுரோட இல்லீங்க. ஒங்க வீட்டம்மாவும் இம்புட்டு வருசம் கழிச்சு முழுகாம இருக்காங்க."

"வெசத்துல புல்லு மொளைக்குமா? மேல போய்ப் பாரு, எம்புட்டுப் பச்சை!" கொட்டையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "வெரசாப் போய் ஆறாம் நம்பர் ரூமக் கூட்டு."

அந்தச் சிரிப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவி, உன் வீட்டிலும்தானே ஒரு வயிறு நிறைந்திருக்கிறது!

மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. ஆறாம் நம்பர் அறை திறந்து கிடந்தது. புது மாப்பிள்ளை மட்டும் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் பெண்ணைக் காணோம். கூட்டிக்கொண்டிருந்தவளின் மூக்கில், மாடிப்படிப் பக்கமிருந்து, காய்ந்து வெடித்த தரையில் முதல் தூறல் விழுந்ததைப் போன்ற வாசனை மெல்ல வந்து ஏறியது. மழை பெய்து பல நாளாயிற்று. அந்த வாசனைக்கு அடியில் அழுகிய வெள்ளைப்பூண்டின் நெடியும் இருந்தது. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

வயிற்றில் பிள்ளை அசைந்தது. உதைக்கவில்லை. மேலே நகர்ந்தது. மாடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக.

விளக்குமாற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சிவப்புத் தூள். ஒரு நாள் அழுக்கு அல்ல அது. தினமும் ஏறியிருக்கிறாள். தினமும் தோண்டியிருக்கிறாள். தன் பிள்ளைக்குத் தன் கையாலேயே ஊட்டியிருக்கிறாள்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தோட்டக்காரர் சாத்தி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். அத்தனையையும் வெட்டி அவன் நடுவீட்டில் கொட்டுகிறேன், அப்புறம் சிரிக்கட்டும்.

படி ஏறினாள். வாசனை கெட்டியாகிக்கொண்டே வந்தது. மூச்சை அடக்கினாள். பிள்ளை துள்ளியது.

மாடிக் கதவைத் தள்ளினாள்.

பனி. வெறும் பனி.

அதற்குள் ஒரு சத்தம். கடிக்கிற சத்தம். மெல்லுகிற சத்தம்.

ஒரு வாய் அல்ல.

பனி கொஞ்சம் விலகியது. புல்லைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி ஒதுக்கிவிட்டுக் குந்தியிருந்தார்கள். பெண்கள். ஆறாம் நம்பர் புதுப்பெண், மஞ்சள் கயிற்றின் நிறம்கூட மங்காதவள், ஒரு கையால் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு. லாட்ஜுக்குப் பால் ஊற்றும் நிறைமாத வீரம்மாள். நடுவில் முதலாளியின் மனைவி கண்மணி, பட்டுப்புடவை மடி நிறையச் செங்கல்லோடு.

வாய்கள் மென்றுகொண்டே இருந்தன. முகவாயில் சிவப்பு வழிந்தது. கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அருள்மேரி கத்த வாயைத் திறந்தாள். எச்சில்தான் ஒழுகியது.

மண்வெட்டி நழுவி விழுந்தது. கால்கள் தாமாகவே அவர்கள் பக்கம் நடந்தன.

கண்மணி நிமிர்ந்து பார்த்தாள். அழுதுகொண்டே, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.