மேசையில் வைக்காத சிலுவை

பெரினுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து உருளைக்கிழங்கு தோண்டியவள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மேசைமுன் உட்கார்ந்து, பகல் படகில் வந்த தம்பியின் கடிதத்தைப் பிரித்தாள். பிரான்சின் உவெசான் தீவில் ஆண்களுக்குக் கடல், பெண்களுக்கு மண்வெட்டி. தம்பி எர்வே கடற்படை அதிகாரி, படம் வரைகிறவன். எந்தக் கடிதமும் படமில்லாமல் வராது.

இந்த முறை வீட்டை வரைந்திருந்தான். ஜன்னல் கதவுக்கு நீலம் தீட்டியிருந்தான்.

அவன் போகும்போது அது பச்சை. நீலம் அடித்தவள் அவள், போன மாதம். சீனக் கடலில் அவன் கப்பல் மூழ்கியதோ அதற்கும் முன்னே, கோடையில்.

தேதி பார்த்தாள். மூழ்குவதற்கு முன் எழுதியதுதான். தபால் உலகத்தைச் சுற்றி வருகிறது, அதனால் தாமதம். போன கடிதத்தில் தீவின் துறைமுகம். அதற்கு முந்தியதில் தூரக் கடலிலிருந்து தெரியும் தீவு.

ஜன்னலை யாரோ விரலால் தட்டினார்கள். எர்வேயின் ஞானத்தகப்பன் துவால். தீவில் சாவு சொல்ல வருகிறவர் கதவைத் தட்டுவதில்லை, ஜன்னலைத்தான்.

"மெழுகுச் சிலுவை கோயில்ல தயாரா இருக்கு புள்ள. உடம்பு கெடைக்காதவனுக்கு அதுதானே உடம்பு. இன்னிக்காவது மேசையில வச்சு முழிச்சிருந்து, காலையில அடக்கம் பண்ணிடுவோம்."

"கடுதாசி வந்திருக்கு மாமா."

"உசுரோட இருந்தப்ப வருஷத்துக்கு ஒண்ணு எழுதினான். செத்தப்புறம் மாசம் ஒண்ணா? நல்லாத்தான் திருந்தியிருக்கான்!"

"சிலுவைய வச்சா நானே அவனைக் கொன்ன மாதிரி. போங்க மாமா."

"அவன் எங்கதான் போய்ப் படுப்பான், சொல்லு?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே மூடுபனி இறங்கி, சுவருக்கு அப்பால் ஆடுகள் கத்துவது அடங்கி, அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரித்த காய்ந்த புல்கட்டி புகைந்த நெடியோடு இன்னொன்றும் கலந்து வந்தது: அலை ஒதுக்கிப்போட்டு நாளான கடற்பாசியின் வாடை. கரையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். காற்று இல்லை. வாடை மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

மறுபடி உட்கார்ந்து கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கமும் படம்.

வீட்டின் உள்ளே. கதவருகிலிருந்து பார்த்த மாதிரி. மேசைமுன் ஒரு பெண், முதுகு காட்டி. ஒரு கை இடுப்பில்.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

பின்னால் சொட்டுச் சத்தம். தரையில். நின்றது. மறுபடி. இப்போது பக்கத்தில்.

கழுத்தில் குளிர். அவள் திரும்பவில்லை. படத்தையே பார்த்தாள். படத்தின் மேசையில் சிறிதாக ஒரு மெழுகுச் சிலுவை. அருகில் எரியும் திரி.

எதிரே அவளுடைய மேசை. வெறும் பலகை.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. வெளுத்து ஊறிய விரல்கள், நகத்தடியில் நீல வண்ணம். சிலுவை இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தது. தடவிக்கொண்டே இருந்தது.

பெரின் தம்பிக்குத் தர வேண்டியது இன்னும் பாக்கி: ஒரு மெழுகுச் சிலுவை, ஒரு ராத்திரி விழிப்பு, ஒரு குழி.