குட்டி வந்தாச்சு

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கைபேசியில் மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தி வந்தது: 'குட்டி வந்தாச்சு.' ஆறு வயதுக் குட்டியோ அவள் காலடியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவள் கணவன் செய்துவைத்த வேலை. கிடங்கில் பெட்டிகளுக்கு மின்னணு டேக் ஒட்டிப் பழகியவன், வீட்டையும் விட்டுவைக்கவில்லை. வாசல் நிலையிலும் மகளின் கட்டிலிலும் டேக்கைப் படிக்கும் கருவியைப் பதித்தான். மகளுக்கு டேக் வைத்த கைப்பட்டை. அவள் வாசலுக்கு வந்தால் கதவு திறக்கும், கூடத்து விளக்கு எரியும், அம்மாவின் கைபேசிக்குச் செய்தி போகும். கட்டிலில் படுத்தால் அவன் பாடிப் பதிந்த தாலாட்டு ஒலிக்கும், வாசல் கதவு விடியும்வரை பூட்டிக்கொள்ளும். எழுந்து போய் ஒரு சுவிட்சைத் தட்டச் சோம்பல்பட்டு ஒரு மாதம் மாடாய் உழைத்த மனுஷன். அவனைப் புதைத்து ஒன்பது நாள் ஆகிறது. திரையில் அவன் பெயரைப் பார்க்கத் தாங்காமல், அவனுடைய டேக்கின் பதிவை அவன் இறந்த அன்றே அழித்துவிட்டாள்.

மழையில் கருவி கெட்டிருக்கும் என்று நினைத்தாள். வாசல் பூட்டு விலகும் சத்தம் கேட்டது.

"குட்டி, உன் கைப்பட்டை எங்கடி?"

"அப்பா சட்டைப் பையில போட்டுட்டேன்மா."

"எப்போ?"

"பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி. அப்பாவோடத நீ அழிச்சிட்டல்ல? அப்புறம் அவருக்கு யாரு கதவு தொறப்பா?"

ஒரு சாண் தூரத்துக்குள் டேக் வந்தால்தான் கருவி படிக்கும். அவன்தான் சொல்லியிருந்தான்.

மூடிய சமையலறைக் கதவின் அடியில் கூடத்து வெளிச்சம் மெல்லக் கசிந்து வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஈரத்துணி தரையில் இழுபடுவதுபோல ஒரு ஓசை ஊர்ந்து கடந்தது. அதன் பின்னாலேயே, வெங்காய நெடியையும் அமுக்கிக்கொண்டு, ஆழத் தோண்டிய மண்ணின் வாசனை உள்ளே நுழைந்தது. எப்படியாவது பிள்ளையை வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கூடத்தில் யாருமில்லை. வாசல் விரியத் திறந்திருந்தது. பத்தடிதான். ஓடினாள்.

தாலாட்டு.

வாசல் கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. கைபேசி அதிர்ந்தது: 'குட்டி படுத்தாச்சு.'

இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அப்போதுதான் தெரிந்தது, மகளின் கையை விட்டிருந்தாள்.

"குட்டி!"

அறைக்குள்ளிருந்து மகளின் குரல் வேறு யாரிடமோ பேசியது.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கப்பா. எனக்கு இடமே இல்ல."

அறை வாசலுக்கு ஓடினாள். சின்னக் கட்டில். அதன் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன, மண் அப்பிய இரண்டு பாதங்கள். குட்டி கட்டிலில் ஒரு முழங்காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். போர்வையின் ஓரம் அவளுக்காக மெல்ல உயர்ந்தது.