சொல்தா ரோழே குடித்த தேன் தண்ணீர்

சொல்தா ரோழே வாந்தியெடுத்தே செத்தார். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. கட்டில், தலையணை, தரை என்று ஓரிடம் பாக்கியில்லை. சுவரில் பாதி உயரத்துக்குத் தெறித்திருந்தது. அக்னி நட்சத்திரம் வேறு. காலை பத்து மணிக்குத் தலத்தெருவின் ஈக்கள் அத்தனையும் அந்த அறைக்குள்தான் இருந்தன.

இன்ஸ்பெக்டர் தெட்சிணாமூர்த்தி வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கருமம்" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். ரோழேவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சுரக்குடிக்காரி பங்கஜவல்லிதான் இருபது வருஷமாகச் சமைத்துப்போட்டு, துணி துவைத்து, கால் பிடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்காகவே வருகிற திங்கட்கிழமை வீட்டை அவள் பேருக்கு எழுதிவைப்பதாக இருந்தார். அன்று சனிக்கிழமை, 1981, மே மாதம்.

பங்கஜவல்லி கொல்லைக் கதவோரம் குந்தியிருந்தாள். "வீட்டுக்கு ஆசப்பட்டுக் கெழவனைத் தீத்துட்டா பாரு" என்றது தெரு. நேற்றுவரை அவளிடம் மீன் குழம்பு கேட்டு வாங்கித் தின்ற வாய்கள்தான்! தூ.

"வயித்துல போனது அரளி விதையாத்தான் இருக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெட்சிணாமூர்த்தி விசாரணையைத் தொடங்கினார்.

"காலையில என்னம்மா குடுத்தே?"

"வெந்நீர்ல தேன் கலந்து குடுத்தேங்கய்யா. தெனமும் எழுந்திரிச்சதும் அதாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் குடுக்கலீங்க."

"அப்புறம்?"

"வயித்தப் பொரட்டுதுன்னாரு. பக்கத்து வீட்டு எத்மோன் ஐயாவக் கூப்புட்டுக் கிட்ட ஒக்கார வெச்சுட்டு, டாக்டர் வீட்டுக்கு ஓடுனேங்க."

எத்மோன் ரோழேவின் அக்கா மகன். பிரான்சில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் திரும்பியவர். மாமாவுக்கு ரத்த சொந்தம் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

"தேனைச் சந்தேகப்படுறீங்களா சார்?" என்று அவரே முன்வந்தார். "நான் வாங்கிக் குடுத்த தேன் சார் அது! மாமாவுக்கு ஒரு புட்டி, எங்க வீட்டுக்கு ஒரு புட்டி, ஒரே கடையில. பாருங்க."

சமையலறை அலமாரியில், எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டில் தேன் புட்டி நின்றது. எத்மோன் ஒரு ஸ்பூனை உள்ளே விட்டுத் தோண்டி எடுத்து, வாயில் போட்டு, நறநறவென்று மென்றார். பக்கத்து அறையில் மாமன் அந்தக் கோலத்தில் கிடக்கிறான். இவருக்குத் தேன் இறங்குகிறது!

"தேன்ல இல்லேன்னா வெந்நீர்லதானே சார் இருக்கணும்? வெந்நீர் வெச்சது யாரு?"

எல்லாரும் பங்கஜவல்லியைப் பார்த்தார்கள். கான்ஸ்டபிள் கருப்பையன் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் ஓரடி வைத்தார்.

"இரு" என்றார் இன்ஸ்பெக்டர். புட்டியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். "ஏம்மா, காலையில இதை எப்படி எடுத்தே?"

"ஸ்பூன்ல ஊத்துனேங்க. கடகடன்னு வந்து மேலெல்லாம் வழிஞ்சுபோச்சுங்க."

அவர் புட்டியை மூடிக் கருப்பையனிடம் கொடுத்தார்.

"சார், தொண்டை வறண்டுபோச்சு. உங்க வீட்டுல ஜில்லுனு தண்ணி கிடைக்குமா?" என்று எத்மோனிடம் கேட்டார்.

"தாராளமா! பிரான்சுலேருந்து கொண்டாந்த பிரிட்ஜு சார்."

தலத்தெருவில் அப்போது இருந்தது அந்த ஒரே பிரிட்ஜ்தான். சமையலறையில் வைத்தால் வருகிறவர்கள் கண்ணில் படாதே! அதனால் கூடத்தில் நின்றது, தலையில் லேஸ் துணியும் பிளாஸ்டிக் ரோஜாவுமாக. எத்மோனின் மனைவி ஷர்லோத் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த வாடையை என்னவென்று சொல்ல? மூடாமல் வைத்த நெத்திலிக் கருவாடு, பக்கத்திலேயே பால், அதற்குமேல் பழைய குழம்பு, அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை. மூலையில் மல்லிகைப்பூ. தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கட்டியாகக் கிடந்தது. இத்தனைக்கும் நடுவிலிருந்து தண்ணீர் வந்தது. அதிலும் கருவாடு வீசியது. இன்ஸ்பெக்டர் குடிக்கவில்லை.

"வாழைப்பழத்தையுமா இதுல வெப்பாங்க? தோலெல்லாம் கருத்துக் கெடக்கு பாருங்க."

"வெளியில வெச்சா ஈ மொய்க்குது சார்."

"ரொட்டி இதுக்குள்ள இருந்தா இன்னும் சீக்கிரமா வறட்டி மாதிரி ஆயிடும்மா."

ஷர்லோத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவ்வளவு பெரிய பிரிட்ஜை வாங்கிட்டு வெளியில எதுக்கு சார் வெக்கணும்? எங்க வீட்டுல உப்பு ஒண்ணுதான் வெளியில. மத்த எல்லாம் இதுக்குள்ளதான்."

"தேன்?"

"அதுவுந்தான். இதோ..." கதவுத் தட்டில் அவள் கை துழாவியது. "இங்கதானே இருந்துச்சு? நேத்து சாயந்திரம்கூடப் பாத்தேனே! என்னங்க, தேன் புட்டி எங்க?"

எத்மோன் பிரிட்ஜ் கதவைச் சாத்தப் போனார்.

"நான் சொல்றேம்மா" என்றார் தெட்சிணாமூர்த்தி. "தேன் சும்மா அலமாரியில மூடி வெச்சாலே வருஷக்கணக்காக் கெடாது. குளிர்ல வெச்சாத்தான் சீக்கிரம் சீனி மாதிரி உறைஞ்சுபோகும். இந்த அக்னி வெயில்ல, பங்கஜவல்லி அடுப்பங்கரையில, காலையில கடகடன்னு ஊத்துன தேன் பத்து மணிக்கு எப்படி சார் உறைஞ்சுது? நறநறன்னு மென்னீங்களே!"

"அ... அவ பொய் சொல்றா."

"உங்க வீட்டு அம்மாவுமா? நேத்து அங்க போய் மாமா புட்டியில அரளியைக் கலந்தீங்க. காலையில அவ டாக்டருக்கு ஓடினதும், அந்தப் புட்டியை எடுத்துட்டு உங்க புட்டியைத் தட்டுல வெச்சீங்க. அதான் அவ்வளவு தைரியமா அள்ளித் தின்னீங்க. திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்தா அவளுக்கு வீடு வரும். அதுக்கு முந்தி அவர் செத்தா அது உங்களுக்கு. இதுல அவ எதுக்கு சார் சனிக்கிழமை விஷம் வெக்கணும்?"

மாமன் குடலைக் கக்கிக்கொண்டு கிடந்த நேரத்தில் இந்த மனுஷன் புட்டி மாற்றியிருக்கிறான். இனி இவனுக்கு மரியாதை எதற்கு?

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிய சாக்கடையில் கருப்பையன் தோள்வரை கையை விட்டார். புழு நெளியும் கறுப்புச் சேற்றோடு புட்டி மேலே வந்தது. அடியில் பாதித் தேன், இறுக மூடிய மூடி. எத்மோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனை வேனில் ஏற்றியபோது தெரு பேச்சை மாற்றிக்கொண்டது. "பங்கஜவல்லி தங்கமான மனுஷியாச்சே" என்றாள் ஒருத்தி. கேட்கவே அருவருப்பாக இருந்தது.

தெட்சிணாமூர்த்தி கொல்லைப்புறம் போனார்.

"உம்மேல தப்பில்லம்மா. நீ போகலாம். வீட்டு விஷயத்துலதான் என்னால ஒண்ணும் செய்ய முடியாது; அவர் எழுதாமலே போயிட்டாரு."

"வீடு கெடக்குதுங்கய்யா." பங்கஜவல்லி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணை உங்ககிட்ட மறைச்சுட்டேங்க. சொன்னா என்னைப் பிடிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன். ஒரு வாய் குடிச்சதுமே கசக்குதுடின்னு டம்ளரைத் தள்ளுனாருங்க. நான்தான் விடல. தேன் எங்கயாவது கசக்குமா, வெயிலுக்கு வாய் அப்படித்தான் இருக்கும்னு சொல்லி, தலையைப் பிடிச்சு மிச்சத்தையும் குடிக்க வெச்சேன்."